நவம்பர் 9



வரலாற்றுப் பாடத்தைப்பற்றி மாணவர் கூறும் முதற்குறை, அதில் தேதிகள் மிகுதி என்பதே. ஆண்டினை நினைவில் வைப்பதே அரிதாயிருக்க, திங்களும் நாளும் எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில், அக்குறையில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் தேதிகளில் பெருவிருப்பம் கொள்ளும் மாணவரும் உண்டு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில், 'வரலாற்றில் இந்நாள்' என்று நான்கைந்து செய்திகளைப் படிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. இன்னார் பிறந்தார், இன்ன போர் முடிந்தது, இன்ன பாலம் திறக்கப்பெற்றது என்று படித்து முடித்தவுடன், கூரிய மதியுடைய மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இவையெல்லாம் ஒரே தேதியில் நிகழ்ந்தமைக்குக் காரணம் என்ன?" என்று வினவுவான்.

இவ்வினாவிற்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் உண்டு. காரணம் ஏதும் இல்லை என்பதே அவ்விடை. ஆண்டிற்கு நாட்கள் 365. மனிதன் எழுதிவைத்த நிகழ்ச்சிகளோ பல்லாயிரம். ஒரு பலகையில் கட்டங்கள் கீறி, ஒரு பிடி புளியங்கொட்டைகளை அதன்மேல் வீசினால், சில கட்டங்களில் நான்கைந்து கொட்டைகள் சேர்ந்து கிடக்கும். அதற்காக அக்கட்டங்களில் காந்தம் இருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. நாட்காட்டியும் அத்தகைய பலகையே.

ஆனால், இவ்விடையோடு அடங்காத நாட்களும் சில உள்ளன. அவற்றுள் ஒன்றைப்பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அது ஜெர்மனியின் வரலாற்றில் நவம்பர் 9ஆம் நாள். 1848, 1918, 1923, 1938, 1989 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அந்நாடு அத்தேதியில் கண்டவை சாதாரண நிகழ்ச்சிகள் அல்ல. ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் கொலை, ஒரு முடியாட்சியின் வீழ்ச்சி, ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி, ஒரு சமூகத்தின்மேல் ஏவப்பட்ட கொடுமை, ஒரு மதிலின் திறப்பு ஆகியவை அவை. ஜெர்மானியர் இதனை 'விதியின் நாள்' என்றே குறிப்பிடுவர். அச்சொல் பொருந்துமா என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

முதல் நிகழ்ச்சி வியன்னா நகரில் நடந்தது. 1848ஆம் ஆண்டு ஐரோப்பாவெங்கும் புரட்சி பொங்கி எழுந்த ஆண்டு. ஜெர்மானியச் சிற்றரசுகள் பலவற்றின் பிரதிநிதிகள் அவ்வாண்டு மே 18இல் பிராங்க்பர்ட் நகரத்துத் தூய பவுல் தேவாலயத்தில் கூடி, ஒன்றுபட்ட நாட்டிற்கு அரசியற் சட்டம் வகுக்கத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் ராபர்ட் புளூம். கொலோன் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். லைப்சிக் நகரில் நாடகக் கொட்டகையில் அலுவல் பார்த்துப் பின் நூல் வெளியீட்டாளராய் உயர்ந்தவர். பேச்சினால் மக்களைக் கவர்ந்தவர். அக்டோபரில் வியன்னா மக்கள் பேரரசருக்கு எதிராகக் கிளர்ந்தபோது, பிராங்க்பர்ட் மன்றத்து இடதுசாரிகளின் வாழ்த்தைக் கூறுவதற்காக அங்குச் சென்றார். சென்றவர் போராட்டத்திலும் கலந்துகொண்டார். பேரரசரின் படை நகரைக் கைப்பற்றியது, புளூம் சிறைப்பட்டார். தாம் பாராளுமன்ற உறுப்பினராதலின் தம்மைத் தண்டிக்க இயலாது என்று அவர் வாதாடியது செவியேறவில்லை. படை மன்றம் மரணதண்டனை விதித்தது. நவம்பர் 9 காலையில் மனைவிக்கு இறுதிக் கடிதம் எழுதிவிட்டுச் சென்று, துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார். மறுநாள் அவருக்கு 41ஆம் பிறந்தநாள். மக்கள் பிரதிநிதி என்னும் தகுதிக்கு ஆயுதபலத்தின் முன் மதிப்பில்லை என்பதை அக்குண்டுகள் அறிவித்தன. ஓராண்டிற்குள் அப்பாராளுமன்றமும் கலைந்துபோயிற்று.

எழுபது ஆண்டுகள் கழிந்தன. 1918இல் முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் இருந்தது. தோற்றுப்போன போரில் கடைசியாக ஒருமுறை கடலில் மோதிச் சாகுமாறு கட்டளையிட்ட தலைவர்களுக்குக் கீழ்ப்படிய மறுத்து, ஜெர்மானியக் கடற்படை வீரர்கள் கலகம் செய்தனர். கீல் துறைமுகத்தில் மூண்ட தீ சில நாட்களில் நாடெங்கும் பரவி, நவம்பர் 9 காலையில் பெர்லினை அடைந்தது. தொழிலாளர் வேலையை விட்டுத் தெருவில் இறங்கினர். கைசர் இரண்டாம் வில்லியம் அப்பொழுது பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் படைத் தலைமையகத்தில் இருந்தார். அவர் முடிவு கூறும்வரை காத்திராமல், தலைமை அமைச்சரான பாடன் இளவரசர் மாக்ஸ், கைசர் முடி துறந்துவிட்டார் என்று நண்பகலில் தாமே அறிவித்தார். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவரான எபர்ட்டிடம் தம் பதவியையும் ஒப்படைத்தார்.

அன்று பிற்பகல் நடந்ததை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பறையில் சிரிப்பு எழும். எபர்ட்டின் தோழரான ஷைடமான் பாராளுமன்றக் கட்டடத்து உணவுச்சாலையில் அமர்ந்து சூப்பு அருந்திக்கொண்டிருந்தார். வெளியே பெருங்கூட்டம் ஆரவாரம் செய்தது. லீப்க்னெக்ட் என்னும் தீவிரவாதத் தலைவர் சோவியத் முறையில் குடியரசினை அறிவிக்கப்போகிறார் என்ற செய்தி வந்தது. ஷைடமான் எழுந்து சென்று, ஒரு சாளரத்தின் வழியே மக்களை நோக்கி, குடியரசு வாழ்க என்று முழங்கிவிட்டார். நாட்டின் அமைப்பை முடிவு செய்யவேண்டியது தேர்ந்தெடுக்கப்பெறும் அரசியல் நிர்ணய சபையே என்று கருதிய எபர்ட், இதற்காகத் தம்மிடம் கடுஞ்சினம் கொண்டார் என்று ஷைடமானே பின்னர் எழுதியுள்ளார். இரண்டு மணி நேரம் சென்றபின் லீப்க்னெக்ட்டும் அரண்மனையருகே தம் குடியரசை அறிவித்தார். ஒரே நகரில் ஒரே நாளில் இரு குடியரசுகள்! கைசர் மறுநாள் ஹாலந்து நாட்டிற்குச் சென்று அடைக்கலம் புகுந்தார்.

1848இல் வீழ்ந்தவர் குடியரசினை விரும்பியவர். 1918இல் எழுந்தது குடியரசு. தேதி ஒன்றே. இங்குக் காரணத் தொடர்பு உண்டா எனில், இல்லை. ஷைடமான் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுச் சாளரத்திற்குச் செல்லவில்லை. இது பலகையில் விழுந்த புளியங்கொட்டையே. இன்னும் ஒன்று சொல்வேன். 1799ஆம் ஆண்டில் இதே நவம்பர் 9இல்தான் பிரான்சில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றும் முயற்சியைத் தொடங்கினான். ஆனால் பிரெஞ்சு வரலாற்றில் அந்நாளுக்குப் பெயர் 'புரூமேர் 18' என்பது. புரட்சிக்காரர் வகுத்த புதிய நாட்காட்டி அப்பொழுது அங்கு வழக்கில் இருந்தது. நாட்காட்டி மாறினால் ஒற்றுமையும் மறைந்துபோகிறது. தேதியில் தனிப்பட்ட ஆற்றல் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது நிகழ்ச்சியிலிருந்து கதை மாறுகிறது. 1918இன் தோல்வியைப் பலர் ஏற்க மறுத்தனர். போர்க்களத்தில் படை தோற்கவில்லை என்றும், ஊரிலிருந்த புரட்சிக்காரரும் யூதரும் முதுகில் குத்திவிட்டனர் என்றும் ஒரு பொய் பரவியது. குடியரசை நிறுவியவர்களை 'நவம்பர்க் குற்றவாளிகள்' என்று வசை பாடினர். திங்களின் பெயரே வசைமொழியாயிற்று என்பதைக் கவனியுங்கள். 1923இல் நாணயம் சீர்குலைந்தது. அவ்வாண்டு நவம்பர் பிற்பகுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்கவேண்டியிருந்தது. அந்நிலையில், மியூனிக் நகரில் ஹிட்லரும் அவர் கூட்டத்தாரும் ஆட்சியைக் கவிழ்க்கத் துணிந்தனர். அவர்கள் முதலில் எண்ணியது போர்நிறுத்த ஒப்பந்தத்தின் ஆண்டு நிறைவான நவம்பர் 11. ஆனால் பவேரிய மாநிலத் தலைவர் கார் என்பவர் 8ஆம் நாள் மாலையில் ஒரு பெரிய பீர் மதுச்சாலையில் பேச இருந்தார். அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள விரும்பி, நாளை முன்தள்ளினர். ஆயுதந்தாங்கிய ஆட்களுடன் உள்ளே புகுந்த ஹிட்லர், கூரையை நோக்கிச் சுட்டு, புரட்சி தொடங்கிவிட்டது என்று கூவினார். மறுநாள் நண்பகலில் ஏறத்தாழ 2,000 பேர் நகரின் நடுவே அணிவகுத்துச் சென்றனர். போலீஸார் சுட்டனர். போலீஸார் 4 பேர் இறந்தனர். ஹிட்லரின் கூட்டத்தார் பிற்காலத்தில் 'தியாகிகள்' என்று போற்றிய 16 பேரும் அன்று மாண்டனர். ஹிட்லர் தப்பியோடி, இரு நாட்களில் பிடிபட்டார். ஐந்தாண்டுச் சிறை விதித்த நீதிமன்றத்தின் தயவால், 1924 டிசம்பரிலேயே வெளிவந்தார்.

தோற்றுப்போன முயற்சி மறக்கப்படுவதே உலக வழக்கம். ஆனால் 1933இல் ஆட்சியைப் பிடித்த ஹிட்லர், தம் தோல்வி நாளைத் திருநாளாக்கினார். ஆண்டுதோறும் நவம்பர் 8 மாலையில் பழைய தோழர்கள் அதே மதுச்சாலையில் கூடுவர், ஹிட்லர் பேசுவார். 9ஆம் நாள் பழைய வழியே அணிவகுப்பு நடக்கும். இறந்த 16 பேரின் உடல்களையும் 1935இல் தோண்டி எடுத்து, மியூனிக்கில் தூண்கள் நிறைந்த இரு மண்டபங்களில் வைத்தனர். அவர்கள் விழுந்த இடத்தில் நினைவுப் பலகை பதித்துக் காவலரை நிறுத்தினர். அதனைக் கடப்போர் யாவரும் கையை உயர்த்தி வணங்கவேண்டும். வணங்க மனமில்லாதோர் பின்புறமுள்ள விஸ்கார்டி சந்தின் வழியே சுற்றிச் சென்றனர். 'நழுவுவோர் சந்து' என்னும் பொருள்பட ஊரார் அதற்குப் பெயரிட்டனர். அச்சந்தின் தரைக்கற்களுக்கிடையே இன்று வெண்கலத்தால் வளைந்த கோடு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. கல்வெட்டோ சிலையோ இன்றி, நழுவிச் சென்ற பாதங்களுக்கு எழுப்பப்பெற்ற நினைவுச் சின்னம் அது.

இவ்வாறு ஒரு தேதி கருவியாக்கப்பட்டது. அக்கருவியின் கூர்மை 1938இல் தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், போலந்து நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்த ஏறத்தாழ 17,000 யூதரை ஜெர்மானிய அரசு எல்லைக்கு அப்பால் துரத்தியது. அவர்களுள் ஒரு குடும்பத்தின் மகனான கிரின்ஸ்பான் என்னும் 17 வயது இளைஞன் பாரிஸில் இருந்தான். பெற்றோர் பட்ட துயரை அறிந்து, நவம்பர் 7இல் அங்குள்ள ஜெர்மானியத் தூதரகத்தில் பொம் ராத் என்னும் அதிகாரியைச் சுட்டான். அவர் 9ஆம் நாள் மாலை இறந்தார். அவ்வேளையில் ஹிட்லரும் கட்சியின் முன்னணித் தலைவர் யாவரும் எங்கே இருந்தனர்? ஆண்டு விழாவிற்காக மியூனிக்கின் பழைய நகர மண்டபத்தில் விருந்துண்ண அமர்ந்திருந்தனர். நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் அடியாட்களை ஏவ வல்ல தலைவர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். ஹிட்லர் எழுந்து சென்றபின் கோயபல்ஸ் பேசினார். 'மக்களின் சினம்' தானே வெடிக்கட்டும், கட்சி அதனைத் தடுக்காது என்பது அப்பேச்சின் குறிப்பு. கேட்டவர்களுக்கு அக்குறிப்பு கட்டளையாயிற்று. அவர்கள் தொலைபேசியை நாடி ஓடினர்.

அன்று இரவும் மறுநாளும் நடந்தவை யாவரும் அறிந்தவை. எனினும் எண்களைச் சொல்லியே ஆகவேண்டும். 1,400க்கு மேற்பட்ட யூதத் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டன, அல்லது சிதைக்கப்பட்டன. ஏறத்தாழ 7,500 கடைகள் சூறையாடப்பட்டன. ஏறத்தாழ 30,000 ஆண்கள் பிடிக்கப்பட்டு, டாக்கவ், பூகன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அரசுக் கணக்கில் இறந்தோர் 91 பேர். உண்மைத் தொகை அதனினும் மிகப் பெரிது. தீயணைப்புப் படையினர் அருகிலுள்ள வீடுகளைக் காத்தனரேயன்றித் தொழுகைக் கூடங்களின் தீயை அணைக்கவில்லை; கட்டளை அவ்வாறிருந்தது. இறுதியில், யூதர்களே 100 கோடி மார்க் அபராதம் செலுத்தவேண்டும் என்று அரசு விதித்தது. பெர்லினில் ஒரானியன்பர்க் தெருவிலிருந்த பெரிய தொழுகைக் கூடத்தில் மட்டும், அப்பகுதிப் போலீஸ் அதிகாரி ஒருவர், இது சட்டத்தால் பாதுகாக்கப்பெற்ற கட்டடம் என்று கூறித் தீ வைத்தவர்களை விரட்டித் தீயணைப்புப் படையையும் வரவழைத்தார். கடமையைச் செய்ய அன்றும் இடமிருந்தது என்பதற்கு அவர் சான்று.

நேயர்களே, இங்குச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். யூதர்மேல் பகை 1938 நவம்பர் 9இல் பிறக்கவில்லை. சில ஊர்களில் 7, 8ஆம் நாட்களிலேயே வன்முறை தொடங்கிவிட்டது. அத்தேதி பகையை உண்டாக்கவில்லை. ஆனால் பகைவரை ஓரிடத்தில் திரட்டி வைத்தது. பொம் ராத் வேறொரு நாளில் இறந்திருந்தாலும் கொடுமை நிகழ்ந்திருக்கலாம். ஒரே இரவில், ஒரே சொல்லில், நாடு முழுவதும் தீப்பற்றியதற்கு அவ்விருந்து வழிசெய்தது. 1923இன் அணிவகுப்பு இல்லையேல் 1938இன் விருந்து இல்லை. 1918இன் குடியரசைக் குற்றமாகத் திரித்த பொய் இல்லையேல் 1923இன் அணிவகுப்பும் இல்லை. முன்னைய இரு நிகழ்ச்சிகளுக்கிடையே இல்லாத தொடர்பு இங்கே இருக்கிறது. அத்தொடர்பை மனிதரே கட்டினர்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஒருவன் ஆண்டுதோறும் ஒரே நாளில் ஒரே இடத்திற்கு வருவான் என்றால், அவனை எதிர்ப்போனும் அதனை அறிவான். கியார்க் எல்சர் என்னும் தச்சுத் தொழிலாளி, போரைத் தடுக்கவேண்டுமானால் ஹிட்லரைக் கொல்லவேண்டும் என்று தனியொருவராய்த் தீர்மானித்தார். முப்பதுக்கு மேற்பட்ட இரவுகள் அம்மதுச்சாலையில் ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னிருந்த தூணைக் குடைந்து, கடிகாரத்தோடு இணைத்த வெடிகுண்டினை உள்ளே வைத்தார். 1939 நவம்பர் 8 இரவு 9.20 மணிக்குக் குண்டு குறித்தபடியே வெடித்தது; 8 பேர் இறந்தனர். மூடுபனியால் வானூர்தி இயலாமல் இரயிலில் திரும்பவேண்டியிருந்த ஹிட்லர், 13 நிமிடங்களுக்கு முன்பே வெளியேறிவிட்டார். பிடிபட்ட எல்சரை 1945 ஏப்ரல் 9இல் டாக்கவ் முகாமில் கொன்றனர்.

ஐந்தாவது நிகழ்ச்சி உங்களில் பலர் நேரில் செய்தியாகக் கேட்டதே. 1961 ஆகஸ்ட் 13இல் பெர்லினைப் பிளந்து எழுந்த மதில் 28 ஆண்டுகள் நின்றது. அதனைக் கடக்க முயன்றும் அதனருகே அகப்பட்டும் உயிர் நீத்தோர் குறைந்தது 140 பேர். 1989 இலையுதிர் காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் மக்கள் அச்சம் நீங்கினர். அக்டோபர் 9இல் லைப்சிக் நகரில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் அமைதியாக ஊர்வலம் வந்தனர். ராபர்ட் புளூம் வாழ்ந்த அதே லைப்சிக்தான். அரசு பணிந்து, வெளிநாட்டுப் பயணத்திற்குப் புதிய விதிகள் வகுத்தது. அவை 10ஆம் நாள் விடியற்காலையில் வெளியிடப்படவேண்டியவை. 9ஆம் நாள் மாலை நிருபர் கூட்டத்தில் பேசிய ஷபோவ்ஸ்கி என்னும் தலைவர் அதனை அறியார். கையில் கொடுக்கப்பட்ட தாளைப் படித்தார். விதி எப்பொழுது நடைமுறைக்கு வரும் என்று நிருபர் கேட்டனர். அவர் தாளைப் புரட்டிப் பார்த்து, "உடனே, தாமதமின்றி" என்றார். மக்கள் வாயில்களில் குவிந்தனர். காவலருக்கோ கட்டளை ஏதும் வரவில்லை. போர்ன்ஹோல்மர் தெரு வாயிலில் மிகுதியாகக் கூச்சலிட்ட சிலரை மட்டும் முதலில் வெளியே விட்டுப் பார்த்தனர். கூட்டம் மேலும் பெருகிற்று. இரவு 11.30 மணியளவில் அங்குப் பொறுப்பிலிருந்த யேகர் என்னும் அதிகாரி வாயிலைத் திறந்துவிட்டார். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

மதில் 9ஆம் நாள் திறந்தது ஒரு தவறான விடையினால். மக்களின் துணிவு மட்டும் தவறினால் வந்ததன்று. அது வாரந்தோறும் தெருவில் நின்று ஈட்டியது. அத்துணிவு இல்லாதிருந்தால், தாளைப் படித்தவர் என்ன சொன்னாலும் வாயில்கள் அடைத்தே இருந்திருக்கும்.

நாடு ஒன்றானதும் தேசியத் திருநாள் எது என்ற வினா எழுந்தது. மகிழ்ச்சியின் நாள் நவம்பர் 9 என்றனர் பலர். ஆனால் தொழுகைக் கூடங்கள் எரிந்த நாளில் வாணவேடிக்கை விடுவது எங்ஙனம்? ஆகவே, இணைப்பு நடைமுறைக்கு வந்த 1990 அக்டோபர் 3ஆம் நாளே திருநாளாயிற்று. நாட்காட்டியைக் கருவியாக்கிய ஆட்சியை ஒருமுறை கண்ட மக்கள், இம்முறை ஒரு நாளை விழாவாக்க மறுத்ததன்மூலம் அதற்கு உரிய மரியாதையைச் செய்தனர் என்றே நான் கருதுகிறேன்.

நம் நாட்டில் நல்ல நாள், கெட்ட நாள் பார்க்கும் வழக்கம் நெடிது வேரூன்றியது. பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் படியிறங்காத பெரியோரை நாம் அறிவோம். அவர்களைக் குறைகூற நான் முற்படவில்லை. எனினும் நவம்பர் 9ஐ விதியின் நாள் என்று கூறி அமைதியுறுவது எளிது. எளிதாகையால் ஆபத்தும் ஆகும். விதியின்மேல் பழியைச் சுமத்தினால், விருந்தில் பேசியவரும், தொலைபேசியில் கட்டளையிட்டவரும், தீ எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவரும் கணக்கிலிருந்து தப்பிவிடுவர். சந்தின் வழியே சுற்றிச் சென்றவரும், சட்டத்தைக் காட்டித் தீயைத் தடுத்தவரும், வாயிலைத் திறந்தவரும் பெறவேண்டிய புகழையும் இழப்பர்.

ஆகவே, 'வரலாற்றில் இந்நாள்' என்று மாணவர் படிக்கும்போது ஆசிரியர்கள் அவர்களிடம் ஒரு வினாவை எழுப்பவேண்டும். பின்னே வந்தவர் முன்னே நடந்ததை நினைவில் கொண்டு செயற்பட்டனரா? இல்லையெனில், அது வெறும் உடன்நிகழ்ச்சி, வியந்து கடக்கலாம். ஆம் எனில், அந்நினைவை எதற்குப் பயன்படுத்தினர் என்று மேலும் கேட்கவேண்டும். இன்று ஜெர்மானிய நகரங்களின் நடைபாதைகளில் சிறு பித்தளைப் பலகைகள் பதித்த கற்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும், அவ்வீட்டில் வாழ்ந்து கொடுங்கோலருக்கு இரையான ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் 9இல் அக்கம்பக்கத்தார் பலர் வெளியே வந்து, மண்டியிட்டு, மங்கிய அப்பித்தளையைத் துணியால் துடைத்துப் பெயர் மீண்டும் தெரியும்படி செய்கின்றனர். அணிவகுப்பும் முழக்கமும் நடந்த அதே தேதியில் இப்பணி நடைபெறுகிறது. அவ்வேலையில் சிறுவரும் உடனிருக்கிறார்கள். வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு அது ஒன்றே போதிய நிறைவைத் தருகிறது.